கட்டப்பட்டது

"இனம் என்பது கட்டப்பட்டது" என்று
பலகையில் எழுதி அடிக்கோடிட்டார் எமிமா மேடம்.
மத்தியானம் ரெண்டரை.
பாளையங்கோட்டை வெயில் சன்னல் கம்பியைப் பிடித்தபடி
வகுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது.
கடைசி வரிசையில் கொம்பையா
சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டான்.
உள்ளே இருக்கும் கயிற்றின் நிறம்
எல்லாருக்கும் தெரியும்.
எந்த நிறம் எந்தத் தெருவுக்கு என்பது
எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.
ஆறாம் வகுப்பிலேயே அதைப் படித்து முடித்திருந்தோம்.

களப்பணிக்கு நான்கு பக்கப் படிவம்.
கேள்வி ஏழு: இனம்.
கேள்வி எட்டு: இடம்பெயர்ந்த காரணம்.
வேலை, திருமணம், பிற.
பிறவுக்கு விரல்கடை அளவு கோடு.

கங்கைகொண்டானுக்கு அந்தப் பக்கம்
தகரக் கொட்டகையில் பதினேழு பேர், ஒரு குழாய்.
சோம்ரா ஓராவ். வயது இருபத்துநாலு. ஜார்க்கண்ட்.
நான் தமிழில் கேட்டதை மேஸ்திரி இந்தியில் கேட்டார்.
ஏழாம் கேள்வியை மட்டும் அவனிடம் கேட்கவேயில்லை.
"இந்திக்காரன்னு போடுங்கம்மா."
போட்டேன். பேனாவால்.

அடுத்த மாதம் அவர்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள்.
சம்பளம் வரவில்லை, மேஸ்திரியையும் காணவில்லை.
மேலப்பாளையத்திலிருந்து
பீடி சங்கத்துப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள்.
ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்,
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.
"இங்க ஆள் விடுதவனும்
எங்களுக்கு இலை குடுக்கவனும் மச்சினமாரு" என்றாள்
மைதீன்பாத்து.
அந்தக் கட்டத்தில் அது அடங்கவில்லை.

சோம்ராவின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள் அவள்.
"ஏ தம்பி, எத்தன மாசச் சம்பளம் நிக்கி?"
அவன் என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.
"மூந்த்."
"மூணா?"
"மூந்த்" என்று தலையாட்டினான்.
"இதுக்கு எதுக்குட்டி இடையில ஒரு ஆளு?"
என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு அவன் ஆட்களை எண்ணினான், தன் பாஷையில்.
ஒண்டா, ஏண்ட், மூந்த், நாக்.
என் பேனா நின்றுவிட்டது.
பாஞ்ச் என்று தொடர்ந்தான், இந்தியில்.
"அஞ்சுல ஏன் மாறிட்டு?"
ரெண்டு வருடத் தமிழைத் துழாவி எடுத்துச் சொன்னான்:
"நாலு வரைக்கும் நம்மது. அப்புறம் கடன்."
"எங்க வீட்லயும் அப்படித்தாம்ல.
நாலாந்தேதி வரைக்குந்தான் நம்மது."
வேனில் வந்தவர்கள் சிரித்த சிரிப்பில்
காவல்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.
சோம்ராவுக்கு எவ்வளவு புரிந்ததோ,
அவனும் சிரித்தான்.

காற்று அடித்தது. பதாகையின் ஒரு மூலைக்குக்
கயிறு போதவில்லை.
கொம்பையா யாரிடமும் கேட்காமல்
பல்லால் கடித்து அவிழ்த்தான் தன் கைக்கயிற்றை.
கேட்டுக் கம்பியில் ரெண்டு முடிச்சு.
அது தாங்கியது, சாயங்காலம் வரை.

ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.
மீதி ரெண்டும் அடுத்த வாரமாம்.
ஏழாம் கேள்வியின் விடையை அடித்துவிட்டு
நாலு எண்களை எழுதிக் கொடுத்தேன்.
மேடம் சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
இது என்ன கணக்கு?

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில்
தாழையூத்து தாண்டும்போது கவனித்தேன்.
கொம்பையாவின் மணிக்கட்டில்
வெயில் படாத தோல், வளையமாய், வெளுப்பாய்.
கயிற்றை அவிழ்த்ததும்தான் எடுப்பாய்த் தெரிந்தது.
"நாளைக்கே புதுசு கட்டிரணும்" என்றான் மெதுவாக,
"தெருவுல கேப்பானுவ."

நல்லதாக நாலு வார்த்தை அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.
மூன்றாம் தாளில் எனக்குத்தான் முதல் மதிப்பெண்.
சொல்லவில்லை.
என் நிறுத்தம் வந்துகொண்டிருந்தது.
அதற்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி
நடந்து போகிறவள் நான்,
மூன்று வருடமாக.